ஸ்கார்பரோவிலிருந்து கோத்தகிரிக்கு: மழைக்கு முன்னால் ஒரு கோட் வேக்ஸ்

ஸ்கார்பரோ, கனடா
செப்டம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கால் வலி குறைந்திருக்கிறதா என்று அடுத்த முறை மறக்காமல் சொல்.

நீ வாங்கியிருக்கிற பழைய காரின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல வண்டிதான். பானெட்டில் வெயில் விழுகிற இடத்தில் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கீறல் தெரிகிறதே, அது பெயிண்ட் போனதன் அறிகுறி இல்லை. முன்னால் வைத்திருந்தவர் தினமும் காலையில் தூசியோடு சேர்த்துத் துணியால் துடைத்திருக்கிறார், அவ்வளவுதான். அதற்காகப் பட்டறையில் விட்டு மெஷின் பாலீஷ் போடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. முதலில் இதைப் படி.

இங்கே செப்டம்பர் கடைசி ஆனால் எல்லா வீட்டு வாசலிலும் கார் வேலைதான் நடக்கும். நவம்பர், டிசம்பரில் பனி விழ ஆரம்பித்தால் மார்ச் முடியும்வரை ரோட்டில் உப்பு கொட்டுவார்கள். சாதா உப்பு மைனஸ் 10 டிகிரி வரைக்கும்தான் ஒழுங்காகப் பனியை உருக்கும். அதற்கும் கீழே போனால் கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் சேர்ப்பார்கள். அவை காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டு காயாமலே தகட்டில் ஒட்டியிருக்கும். கல் தெறித்துப் பெயிண்ட் உதிர்ந்த இடம் ஒரு மிளகு அளவு இருந்தால் போதும், துரு அங்கேதான் பிடிக்கும். கடுங்குளிரில் துரு மெதுவாகத்தான் ஏறும். உப்போடு வந்த வண்டியைக் கதகதப்பான கராஜில் நிறுத்தினால்தான் வேகம் பிடிக்கும். அதனால் பனி வருவதற்குள் வேக்ஸ் போட்டு, வண்டிக்கு அடியில் துருத் தடுப்பு எண்ணெய் அடித்து, குளிர்கால டயர் மாட்டிவிடுவார்கள். நடுக் குளிரில் வீட்டு வாசலில் கழுவ முடியாது, தண்ணீர் உறைந்துவிடும். காசு போட்டால் பிரஷரில் தண்ணீர் பீய்ச்சுகிற கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போய், அடிப்பாகத்தில் அடித்து உப்பை இறக்க வேண்டும். அங்கே தொங்குகிற நுரை பிரஷ்ஷை விவரம் தெரிந்தவர்கள் தொடமாட்டார்கள். முன்னால் கழுவினவர் வண்டியின் மணல் முழுக்க அதில்தான் இருக்கும். வெயில் காலத்திலும் சோப்புத் தண்ணீரைத் தெருவில் விடக்கூடாது. தெருவோர வடிகால் ஓடை வழியாக நேரே ஒன்டாரியோ ஏரியில் போய்ச் சேருகிறது. நீயும் புல்தரையில் நிறுத்திக் கழுவு, தேயிலைத் தோட்டத்து ஓடைப் பக்கம் வேண்டாம்.

உனக்கும் இதுதான் சரியான நேரம். கோத்தகிரிக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான், அக்டோபர் பாதியில் பிடித்தால் டிசம்பர்வரை விடாது. எப்படியும் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவத்தான் போகிறாய், அதோடு சேர்த்தே செய்துவிடு. சந்தனம் குங்குமத்தை நம்பர் பிளேட்டிலும் கண்ணாடியிலும் வை, பெயிண்டில் வேண்டாம். குங்குமச் சாயம் ஈரத்தோடு ஒரு ராத்திரி இருந்தாலே கறை பிடிக்கும், வெள்ளை வண்டியில் ரோஸ் நிறப் பொட்டு போகவே போகாது. மாலையை டேப் போட்டு ஒட்டவும் விடாதே.

மெஷின் பாலீஷை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன் தெரியுமா? தகட்டின்மேல் இருப்பது ஒரே பெயிண்ட் இல்லை. அடியில் துருத் தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். மொத்தமாகச் சேர்த்தாலே 100 முதல் 140 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்). அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான், தலைமுடியின் தடிமன்கூட வராது. வெயிலைத் தாங்குகிற மருந்து அந்த அடுக்கில்தான் இருக்கிறது. ஒவ்வொரு காம்பவுண்டு பாலீஷும் அதைச் சில மைக்ரான் சுரண்டி எடுக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். குளுகுளுவென்று இருப்பதால் நம் ஊர் வெயிலை யாரும் சட்டை செய்வதில்லை, ஆனால் பெயிண்டுக்கு அது மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் வெயிலைவிடக் கடுமை. வருடா வருடம் பட்டறையில் பாலீஷ் போட்ட வண்டிகளுக்குக் கூரையில் கிளியர் கோட் தோல் உரிவது இப்படித்தான். உரிந்துவிட்டால் எந்த வேக்ஸும் கைகொடுக்காது, மறுபடி பெயிண்ட்தான் அடிக்க வேண்டும்.

பாலீஷ் வேறு, வேக்ஸ் வேறு. பாலீஷ் சுரண்டும், வேக்ஸ் மேலே படியும். உன் வண்டிக்கு இப்போது வேண்டியது நல்ல கழுவலும் வேக்ஸும்.

கழுவுவதைத்தான் நிறையச் சொல்லப்போகிறேன், கீறலில் பெரும்பாதி கழுவும்போதுதான் விழுகிறது. இரண்டு பக்கெட் எடுத்துக்கொள். ஒன்றில் 10 லிட்டர் தண்ணீரும் கார் ஷாம்பூவும். அளவு பாட்டிலில் போட்டிருக்கும், பெரும்பாலும் 20 முதல் 30 மில்லி. இன்னொன்றில் வெறும் தண்ணீர். பாத்திரம் கழுவுகிற சோப்பும் துணி பவுடரும் வேண்டாம், இருக்கிற வேக்ஸையும் அவை உரித்துவிடும். மைக்ரோஃபைபர் கையுறையைச் சோப்பில் நனைத்து ஒரு பகுதியைத் தேய்த்ததும், வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடி சோப்பில் விட வேண்டும். லைன் தண்ணீர் வராத நாளிலும் இந்த முறைக்கு 40, 50 லிட்டர் போதும்.

சோப்புக்கு முன்னால் மேலிருந்து கீழே தண்ணீர் விட்டு மண்ணை ஊறவைத்து இறக்கு. நம் செம்மண்ணில் பொடிக்கல் இருக்கிறது, காய்ந்த மண்மேல் துணி பட்டால் அது உப்புத்தாள் வேலை செய்யும். சக்கரத்துக்கு உள்பக்க வளைவில் கைவிட்டு அங்கே அப்பியிருக்கும் சேற்றைத் தோண்டி எடு. அந்தச் சேறு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும், துரு அங்கிருந்துதான் வெளியே வருகிறது. பிறகு கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி, கடைசியில் கீழ்ப்பாதி. நேர்கோட்டில் தேய், வட்டமாகத் தேய்க்காதே. சக்கரத்துக்குத் தனித் துணி, தனித் தண்ணீர். துவட்டப் பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு மெதுவாக இழுத்தால் போதும். திருப்பூர் பனியன் வேஸ்ட் துணி இஞ்சினுக்கு நல்லது, பெயிண்டுக்கு ஆகாது. தையலும் நைலான் நூலும் கோடு போட்டுவிடும். மண்ணெண்ணெய், டீசல் போட்டுத் துடைத்துப் பளபளப்புக் காட்டுகிறவர்கள் உண்டு. அந்த எண்ணெயில் தூசி ஒட்டும், ரப்பர் ஊதிப்போகும்.

காய்ந்த பிறகு ரொட்டி வருகிற மெல்லிய கவருக்குள் கையை விட்டுப் பெயிண்டைத் தடவிப் பார். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு கவருக்குள் தெரியும். கதவின் கீழ்ப்பகுதியிலும் பின் கதவிலும் ஆரஞ்சு நிறப் பொடிப்புள்ளிகள் இருக்கும். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் பிரேக் தேய்ந்து பறக்கும் இரும்புத் தூள் சூட்டோடு பெயிண்டில் குத்தி நின்று, பனிமூட்டத்து ஈரத்தில் துருப்பிடித்ததுதான் அது. இரண்டாம் கியரில் இஞ்சின் பிடியிலேயே இறங்கினால் இந்தத் தூளும் குறையும், பிரேக்கும் சூடாகாது. இதற்கென்று அயர்ன் ரிமூவர் ஸ்பிரே கிடைக்கிறது. நிழலில், குளிர்ந்த தகட்டில் அடித்தால் மூன்று நான்கு நிமிடத்தில் ஊதா நிறமாக வழியும். காயவிடாமல் கழுவிவிடு. நாற்றம் அடிக்கும், கையுறை போட்டுக்கொள்.

அதற்கும் போகாத பிசினுக்கு கிளே பார், அதாவது அழுக்கை ஒட்டி எடுக்கிற களிமண் மாதிரியான கட்டி. 100 கிராம் கட்டியில் கால்வாசியைக் கிள்ளி, உள்ளங்கையில் தட்டையாக்கி, ஷாம்பூ தண்ணீர் தெளித்துக்கொண்டே ஓர் அடிக்கு ஓர் அடி பகுதியாக வழுக்கவிடு. அழுத்தாதே. முதலில் கரகரக்கும், சத்தம் நின்றால் அந்த இடம் சுத்தம். அழுக்கானதும் மடித்துப் புதுப் பக்கம் திருப்பு. கீழே விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடு, மண் ஒட்டிய கிளேயைப் போல பெயிண்டைக் கெடுப்பது வேறில்லை. இது வருடத்துக்கு ஒரு முறை போதும்.

இனி வேக்ஸ். கார்னாபா என்பது பிரேசில் பனை இலையிலிருந்து எடுக்கிற மெழுகு. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நம் ஊர் மழையில் ஒன்றரை மாதம் தாங்கினால் அதிகம். நீ சிந்தெடிக் சீலன்ட் (வேக்ஸ் மாதிரியே மேலே படிகிற செயற்கைப் பூச்சு) வாங்கு, நான்கைந்து மாதம் நிற்கும். ஆசைக்குக் கார்னாபா போட வேண்டுமென்றால் சீலன்டுக்கு மேலே போடு. மெழுகின்மேல் சீலன்ட் பிடிக்காது.

நம் மலையில் தவறுவதெல்லாம் நேரத்தில்தான். காலை எட்டு மணிக்குத் தகடு காற்றைவிடக் குளிர்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். அதன்மேல் போட்ட வேக்ஸ் பிடிக்காமல் திட்டுத்திட்டாக நிற்கும். மூன்று மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிடும். பத்தரையிலிருந்து இரண்டு மணிவரை, நிழலில், 15 டிகிரிக்கு மேல் இருக்கும்போது போடு. பானெட்டைப் புறங்கையால் தொட்டுப் பார். ஜில்லென்று பிசுபிசுத்தால் அன்றைக்கு வேண்டாம்.

பஞ்சில் ஐந்து ரூபாய் நாணய அளவு சீலன்ட் போதும், பாதி பானெட்டுக்கு வரும். சின்னக் காருக்கு மொத்தமே 25, 30 மில்லிதான். தடித்துப் போட்டால் அதிக நாள் வரும் என்று நினைக்காதே. மேலே மிஞ்சியது துணிக்குத்தான் போகும், துடைக்கக் கஷ்டம் வேறு. கருப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடு. அங்கே வேக்ஸ் பட்டு வெள்ளையாகிவிட்டால் பென்சில் ரப்பரால் தேய், போய்விடும்.

பத்து இருபது நிமிடத்தில் மங்கலாகக் காயும். ஈரக்காற்றில் அரைமணியும் ஆகலாம், அதனால் கடிகாரத்தைப் பார்க்காதே. விரலால் ஓர் இழுப்பு இழுத்துப் பார். அடியில் பளிச்சென்று தெளிந்தால் துடைக்கலாம். இழுபட்டுக் குழைந்தால் இன்னும் காயவில்லை. எங்காவது கெட்டியாக ஒட்டிக்கொண்டால் சுரண்டாதே. அந்த இடத்தில் அதே சீலன்டை மெல்லிசாக இன்னொரு முறை தடவி உடனே துடை, பழையது இளகி வந்துவிடும். போட்டபின் 12 மணி நேரம் மழையும் பனியும் படாமல் வை, நம் கொட்டகை போதும். இரண்டாவது கோட் மறுநாள்.

படத்தில் பின் கதவு மட்டும் நிறம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது. மறுபெயிண்ட் அடித்திருக்கிறார்களா என்று கேள். அடித்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால் அந்தக் கதவுக்கு மட்டும் இப்போது வேக்ஸ் வேண்டாம், பெயிண்டின் தின்னர் வெளியேறி முடியட்டும்.

பிறகு அன்றாடப் பாடு. பறவை எச்சத்தை அன்றைக்கே எடு. வெயிலில் கிளியர் கோட் இளகும்போது எச்சத்தில் இருக்கிற அமிலம் கடித்து, குளிர்ந்ததும் தழும்பாகிவிடும். ஈரத் துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து, தூக்கி எடு, தேய்க்காதே. சைப்ரஸ் பிசினுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீர் கலந்து பஞ்சில் ஒற்று. ஆனால் அது வேக்ஸையும் எடுத்துவிடும், அந்த இடத்தில் ஒரு பொட்டு மறுபடி போட வேண்டும். சில்வர் ஓக் பூக்கிற காலத்தில் அதன் அடியில் நிறுத்தாதே, தேன் சொட்டிக் கருக்கும், குரங்கும் வரும்.

கவர் போட்டு மூடுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். கொட்டகை இருக்கும்போது வேண்டாம். நம் ஈரத்தில் கவருக்கு அடியில் பூஞ்சைதான் வளரும், காற்றில் கவர் அசைய அசைய தூசியைத் தேய்க்கும். கண்ணாடி ரப்பர் காடியில் பச்சையாகப் பாசி பிடித்தால் பழைய டூத் பிரஷ்ஷும் ஷாம்பூவும் போதும். அதைவிட முக்கியம் ஒன்று. வைப்பருக்குக் கீழே பிளாஸ்டிக் ஜாலி இருக்கிறதே, அதில் விழுந்த இலைகளை வாராவாரம் பொறுக்கிவிடு. அந்த வடிகால் அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கிக் கால்மிதிக்கு அடியில் நிற்கும். கதவின் அடிவிளிம்பிலும் சின்ன ஓட்டைகள் உண்டு, தீக்குச்சியால் குத்தித் திறந்து வை.

ஜனவரியில் ஊட்டியில் இரவு நிறுத்த நேர்ந்தால், உறைபனியைச் சுரண்டவோ கண்ணாடியில் வெந்நீர் ஊற்றவோ கூடாது. இஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போடு, அல்லது வெயில் வரட்டும். இங்கே மைனஸ் 20இல் கதவு ரப்பரே உறைந்து ஒட்டிக்கொள்ளும். அதற்கு முன்கூட்டியே சிலிகான் தடவிவைப்பார்கள், உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை.

இரண்டாவது கோட் போட்டதும் பானெட்டில் தண்ணீர் தெளித்து ஒரு படம் அனுப்பு. சின்னச் சின்ன உருண்டையாக நின்றால் சரி. டிசம்பரில் தட்டையாகப் படர ஆரம்பித்தால் வேக்ஸ் போய்விட்டது என்று உடனே முடிவு பண்ணாதே. முதலில் ஷாம்பூ போட்டுக் கழுவிப் பார், மேலே படிந்த அழுக்காலும் அப்படி ஆகும். கழுவிய பிறகும் படர்ந்தால் மழை ஓய்ந்ததும் இன்னொரு கோட். பல்லிடுக்கில் குத்துகிற குச்சியால் டச்அப் பெயிண்ட் வைக்க வேண்டிய கல்லடிப் பொட்டுகள் முன் பம்பருக்கு மேலே மூன்று தெரிகின்றன. வண்டியில் ஒட்டியிருக்கும் பெயிண்டின் நிறக் குறியீட்டு எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போகும்போது அந்த டச்அப் பெயிண்டை வாங்கி வா. வேக்ஸுக்கு முன்னால் அதை வைத்துக் காயவிட வேண்டும், மேலே மெழுகு இருந்தால் பெயிண்ட் பிடிக்காது.

அப்பாவை அதிகக் குளிரில் வெளியே போகவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா