அதி கனமழையும் அசாதாரண மழையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழைக் கால வானிலைச் செய்திகளில் 'எக்ஸ்ட்ரீம்லி', 'எக்ஸெப்ஷனலி' என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் நம் நாளிதழ்கள் பெரும்பாலும் 'அதி கனமழை' என்றே எழுதிவிடுகின்றன. இவ்விரண்டும் அளக்கும் முறையிலேயே வேறுபட்டவை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்வது கனமழை, 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை. அதற்கு மேற்பட்டது அதி கனமழை; 'எக்ஸ்ட்ரீம்லி' என்ற சொல் குறிப்பது இதைத்தான். இந்த எல்லை சிரபுஞ்சிக்கும் ராமநாதபுரத்துக்கும் ஒன்றே. 'எக்ஸெப்ஷனலி' என்ற சொல்லோ, ஓரிடத்திலோ அதன் அருகிலோ அந்த மாதத்தில் அல்லது பருவத்தில் அதுவரை பதிவான உச்ச அளவை நெருங்கும் மழைக்கு மட்டுமே உரியது. அம்மழை 12 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. ஜூன் மாதத்தில் சிரபுஞ்சியில் 25 செ.மீ. பெய்தால் அது அதி கனமழைதான். ஆனால் ஒரே நாளில் 100 செ.மீ.க்கு மேல் கண்ட அந்த ஊருக்கு அது அசாதாரணமன்று. ராஜஸ்தானின் பாலைவன ஊர் ஒன்றில் பெய்யும் 13 செ.மீ., மிகக் கனமழை என்ற வகையைத் தாண்டாமலேயே அந்த ஊருக்கு அசாதாரணமாகிவிடக்கூடும். விலக்கு என்னும் பொருள் 'எக்ஸெப்ஷனலி' என்ற ஆங்கிலச் சொல்லின் வேரிலேயே இருப்பதால், எந்த வழக்கத்திலிருந்து விலகியது என்பதைச் சொல்லாமல் அதைப் பயன்படுத்துவதில் பயனில்லை.

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. மழை பதிவானது. காயல்பட்டினத்தில் பெய்தது எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியையே விஞ்சிய மழை. 21 செ.மீ.க்கும் இதற்கும் ஒரே பெயரைச் சூட்டினால், தாமிரபரணிக் கரையில் இருப்பவர் தாம் முன்பு கண்ட வெள்ளத்தை நினைத்து, தண்ணீர் இம்முறையும் அந்த மட்டத்தோடு நின்றுவிடும் என்றுதானே கணக்கிடுவார்? அவருக்கு உண்மையில் தேவைப்படுவது, தன் ஊர் இதுவரை கண்டதோடு ஒப்பிட்டுச் சொல்லும் சொல். 'வரலாறு காணாத' என்ற தொடர் அதற்குப் பொருந்தியிருக்கும். ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு மழைக்கு அதைத் தலைப்பாக்கி நாமே அதன் வலுவைக் குறைத்துவிட்டோம்.

ஆகவே, 204.5 மி.மீ. தொட்ட மழைக்கு மட்டும் 'அதி கனமழை' என்றும், ஊரின் முந்தைய உச்சத்தை நெருங்கிய மழைக்கு 'அசாதாரண கனமழை' என்றும் பிரித்து எழுத வேண்டுகிறேன். பின்னதை எழுதும் இடத்தில், அந்த ஊரின் பழைய உச்ச அளவையும் அது பதிவான ஆண்டையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தூத்துக்குடி மாவட்டம்.