‘சேர்ந்து வாழ்தல்’ என்ற சொல்லும் குற்றவியல் சட்டமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரித்தானியாவில் அரசு உதவித்தொகை பெற்றுக்கொண்டே, துணைவர் ஒருவர் வீட்டில் இருப்பதை மறைத்தவர்கள் மீது தொடுக்கப்படும் வழக்குகளைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையாளர் சொல்வதில் ஒரு பகுதியை நான் மறுக்கவில்லை. நல்ல சம்பளம் வாங்கும் கணவரை உறவினர் வீட்டு முகவரியில் பதிந்து வைத்துவிட்டு, ‘அவர் எங்களை விட்டுப் போய்விட்டார்’ என்று படிவத்தில் எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கியவர்கள் நம்மவர்களிலும் உண்டு. அதற்கு மோசடி என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. ஆனால், ‘ஓர் ஆணும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு அதைத் தெரிவிக்காமல் விட்டாலே குற்றம்’ என்று அக்கட்டுரையில் வந்த வாக்கியம் சட்டத்தின்படி சரியானதன்று. அதற்குத் தாங்கள் இட்ட ‘கள்ளக் குடித்தனம்’ என்ற தலைப்பு அதைவிடவும் தவறானது.

இதைச் சொல்ல எனக்கு ஓரளவு உரிமை உண்டென்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் இத்தகைய விசாரணைகளில் சில ஆண்டுகள் தமிழ் உரைபெயர்ப்பாளராக இருந்திருக்கிறேன். விசாரணை தொடங்கும் முன் அதிகாரி, ‘நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பின்னர் நீதிமன்றத்தில் நம்பியிருக்கப்போகும் ஒன்றை இப்போது கேட்கும்போது சொல்லாமல் விட்டால் அது உங்கள் தரப்பைப் பாதிக்கக்கூடும்’ என்ற எச்சரிக்கையைப் படிப்பார். அதை மொழிபெயர்ப்பதே எளிதன்று. அதற்குப் பிறகு வரும் கேள்விதான் என்னை எப்போதும் தடுமாற வைத்தது: ‘நீங்கள் இவருடன் சேர்ந்து வாழ்கிறீர்களா?’

இந்தக் கேள்வியை எப்படித் தமிழில் சொல்வது? ‘சேர்ந்து இருக்கிறீர்களா’ என்றால், ஒரே வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் அனைவரும் ‘ஓம்’ என்பார்கள். ‘குடும்பம் நடத்துகிறீர்களா’ என்று கேட்டால், உண்மையிலேயே இணைந்து வாழும் பெண் ஒருத்திகூட வெட்கப்பட்டோ கோபப்பட்டோ ‘இல்லை’ என்பார். இரண்டு விடைகளும் ஒலிநாடாவில் பதிவாகும். இரண்டும் பின்னர் ஒரு நடுவர் முன்போ ஜூரர்கள் முன்போ வாசிக்கப்படும். நான் தேர்ந்தெடுக்கும் ஒரு வினைச்சொல் ஒருவருடைய நேர்மைக்குச் சான்றாகவோ எதிர்ச்சான்றாகவோ மாறிவிடும் என்பதை உணர்ந்த நாள் முதல், அந்த வாக்கியத்தால் அதிகாரி எதைக் குறித்துக் கேட்கிறார் என்று விளக்கும்படி அவரையே முதலில் கேட்டுவிட்டுத்தான் மொழிபெயர்ப்பேன். சில அதிகாரிகள் அதற்காக என்மீது எரிச்சல் அடைந்தார்கள். அடைந்தால் அடையட்டும்.

அந்தக் கேள்வி ஆங்கிலத்திலும் தெளிவானதன்று என்பதுதான் நான் சொல்ல வருவது. சம்பளம் எவ்வளவு, வங்கிக் கணக்கில் எவ்வளவு என்ற கேள்விகளுக்கு எண்ணால் விடை சொல்லலாம். ‘மணமான தம்பதியரைப் போல் வாழ்கிறீர்களா’ என்பதோ பல உண்மைகளைக் கூட்டிக் கழித்து இறுதியில் எட்டப்படும் சட்ட முடிவு. 1980-களின் தொடக்கத்தில் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான, உதவித்தொகை பற்றிய கிரேக் வழக்கில், நீதிபதி உல்ஃப் ஆறு அடையாளங்களைக் கைகாட்டிகள் என்று குறிப்பிட்டார். ஒரே இல்லத்தின் உறுப்பினர்களாக இருக்கிறார்களா, உறவு நிலையானதா, ஒருவரை ஒருவர் பணத்தால் தாங்குகிறார்களா, பாலுறவு உண்டா, பிள்ளைகள் உண்டா, ஊரறியத் தம்பதியராகத் தங்களைக் காட்டிக்கொள்கிறார்களா என்பவையே அவை. இவற்றில் எந்த ஒன்றும் தனியே முடிவைத் தருவதில்லை. கைகாட்டி வழியைக் காட்டுமே தவிர, ஊர் வந்துவிட்டது என்று சொல்லாது. உதவித்தொகை மேல்முறையீடுகளை விசாரிக்கும் அனுபவமுள்ள தீர்ப்பாய நீதிபதிகளே மாறுபட்ட முடிவுக்கு வரக்கூடிய ஒரு கேள்விக்கு, ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த ஒருவர் படிவத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டுச் சரியான விடை தர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

திருமணமானவர்களுக்கும் இதே சிக்கல் வேறு வடிவில் உண்டு. 2012-ஆம் ஆண்டின் நலச் சீர்திருத்தச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, ஒருவரை ஒருவர் மணந்திருப்பதோடு ஒரே இல்லத்தின் உறுப்பினர்களாகவும் இருந்தால்தான் அவர்களைத் தம்பதியர் என்கிறது. அதாவது மனம் முறிந்து பிரிந்துவிட்ட பின்னும், தனி வீட்டு வாடகை கட்ட வழியில்லாமல் மாடியறையில் அவரும் கீழறையில் இவருமாக இருப்பவர்கள், சட்டத்தின் பார்வையில் தனித்தனி இல்லத்தவராக இருக்க இடம் உண்டு. ‘உலை தனியா, ஒன்றா?’ என்று நம் பாட்டிமார் கேட்பார்களே, கிட்டத்தட்ட அந்தக் கேள்விதான் இது. சமையல், சலவை, செலவு, படுக்கை எல்லாம் பிரிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அப்படியிருந்தும், மகிழுந்துக் காப்பீட்டில் அதே முகவரி, பிள்ளையின் பிறந்தநாள் படத்தில் இருவரும், கடன் தகவல் அறிக்கையில் இருவர் பெயரும் என்று தாள்களை மேசைமேல் பரப்பிவிட்டால், எதிரே இருப்பவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தாள்கள் காட்டுவது முகவரியைத்தான், இல்லத்தை அன்று.

குற்றம் எங்கே தொடங்குகிறது என்பதையும் கட்டுரையாளர் கலக்கிவிட்டார். 1992-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகச் சட்டத்தில் 111அ பிரிவு நேர்மையற்ற நடத்தையைக் குறித்தது. அதற்கு 7 ஆண்டுகள் வரை சிறை. 112-ஆவது பிரிவு அதைவிடச் சிறிய குற்றத்தைக் குறித்தது. நேர்மையின்மையை நிரூபிக்க வேண்டியதில்லை, உச்சத் தண்டனை 3 மாதங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006-ஆம் ஆண்டின் மோசடிச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தால் அது 10 ஆண்டுகள் வரை போகலாம். ஆனால் சூழ்நிலை மாறியதைத் தெரிவிக்காமல் விட்டதற்காக 111அ அல்லது 112 பிரிவின் கீழ் குற்றம் சாட்டும்போது, அந்த மாற்றம் தன் உதவித்தொகையைப் பாதிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். நேர்மையின்மைக்கான அளவுகோலை பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2017-இல் ஐவி வழக்கில் மாற்றியமைத்தபோதும், குற்றம் சாட்டப்பட்டவர் உண்மையில் எதை அறிந்திருந்தார், எதை நம்பினார் என்பதை முதலில் கண்டறிய வேண்டும் என்றே சொன்னது. வாரத்தில் மூன்று இரவு வந்துபோகும் ஒருவரைத் ‘துணைவர்’ என்று சட்டம் கருதும் என்பது தெரியாமல் இருந்தவரும், அது தெரிந்தே அவருடைய செருப்பைக் கட்டிலுக்கடியில் ஒளித்தவரும் ஒருவரல்லர்.

வேறு நாட்டு நீதிமன்றங்கள் இதைக் கவனித்திருக்கின்றன. நியூசிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரூகா வழக்கில், தன்னைத் தொடர்ந்து அடித்துத் துன்புறுத்திய ஓர் ஆணுடன் நெடுங்காலம் இருந்த பெண் மீதான மோசடிக் குற்றத் தீர்ப்பை நீக்கியது. உணர்வுப் பிணைப்பும் பணத் துணையும் இல்லாத ஓர் அடிமைத்தனத்தைத் திருமணத்தை ஒத்த உறவு என்று சொல்ல முடியாது என்பதே அங்கு முக்கியமான வாதம். 1997-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள அந்தத் தீர்ப்பை, குடும்ப வன்முறை பற்றி எழுதும் நம் எழுத்தாளர்கள் தேடிப் படிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2011-இல் உயர் நீதிமன்றம் போனியாடோவ்ஸ்கா வழக்கில் சொன்னது வேறு. அது வருமானத்தைத் தெரிவிக்காத வழக்கு, துணைவரைப் பற்றியது அன்று. ஆயினும், சொல்ல வேண்டும் என்று சட்டம் கடமை விதிக்காத இடத்தில் சொல்லாமல் இருந்ததைக் குற்றமாக்க முடியாது என்ற அதன் கொள்கை இங்கும் பொருந்தும். அந்தத் தீர்ப்பு வருவதற்கு முன்பே அந்நாட்டு நாடாளுமன்றம் அவசர அவசரமாக ஒரு சட்டத்தைப் பின்தேதியிட்டு இயற்றியது. 2013-இல் கீட்டிங் வழக்கில் அதே நீதிமன்றம், அந்தப் பின்தேதிச் சட்டத்தால் பழைய மௌனத்தைக் குற்றமாக்க இயலாது என்றது.

பணக் கணக்கிலும் ஒரு நெருடல் உண்டு. 2025-26 நிதியாண்டில் 25 வயதோ அதற்கு மேலோ ஆன தனியாள் ஒருவருக்கு, யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையின் அடிப்படைத் தொகை மாதம் 400.14 பவுண்டு, தம்பதியருக்கு 628.10 பவுண்டு. இருவருமே வருமானம் இல்லாதவர்களாக இருந்து தனித்தனியே வாங்கியிருந்தால் அடிப்படைத் தொகையில் வித்தியாசம் மாதம் 172.18 பவுண்டுதான். வழக்கில் மோசடித் தொகையாக எழுதப்படுவதோ, பெரும்பாலும் தனியாளாக வாங்கிய முழுப் பணமும். தம்பதியராக விண்ணப்பித்திருந்தாலும் கிடைத்திருக்கக்கூடிய தொகையைத் தண்டனை விதிக்கும்போது குறைப்புக் காரணமாகக் கருதலாம் என்று தண்டனை வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனால் அதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் வருபவருக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

என் கோரிக்கை அரசுக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. ‘சேர்ந்து வாழ்கிறீர்களா’ என்ற முடிவைக் கேட்காமல், ‘இந்த வீட்டில் வாரத்தில் எத்தனை இரவு யார் தூங்குகிறார்கள், வாடகையை யார் கட்டுகிறார்கள், சாப்பாட்டுச் செலவு யாருடையது’ என்று உண்மைகளைக் கேட்கட்டும். அதற்குப் பொய் சொன்னவரைத் தண்டிக்கட்டும். நானே நின்று அந்த மொழிபெயர்ப்பைச் செய்வேன். தங்கள் இதழைப் படிப்பவர்களில் உதவித்தொகையை நிறுத்துவதாகவோ விசாரணைக்கு வரும்படியோ கடிதம் கையில் வந்து கலங்கி இருப்பவர்கள் பலர். அவர்களுக்குக் கட்டுரையில் இல்லாமல் போன செய்தி ஒன்று உண்டு: உதவித்தொகையை நிறுத்தும் முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்பதற்குப் பொதுவாக ஒரு மாதமே அவகாசம், அதன் பிறகு தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யவும் ஒரு மாதமே. குற்றவியல் வழக்கு வருமோ என்ற பயத்தில் இந்த இரண்டு கெடுவையும் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த இதழில் இதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி