ஒரு தட்டு பின்னால்

பாரிஸ், ஞாயிறு இரவு

மாப்ளே,

ஏழு மாசமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. அம்மா போன அன்று போனில் ரெண்டு வார்த்தை பேசியதோடு சரி. தப்புதான், திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் காலேஜ் சேர்ந்துவிட்டாள்.

இன்று கோவிலில் ஜோஸ்கின் தெ ப்ரே என்ற பழைய காலத்து இசையமைப்பாளரின் ‘ஆவே மரியா, விர்கோ செரேனா’ பாடினோம். 1502-ல் வெனிஸில் பெத்ருச்சி அச்சிட்ட மோட்டெட் (பல குரலில் பாடும் லத்தீன் பக்திப் பாட்டு) தொகுப்பில் முதல் பாட்டே இதுதான். ஆரம்பம் நமக்குப் பழகிய ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம். உச்சக் குரலான சொப்ரானோ ஒரு அடியைப் பாடும். அதே அடியை அதற்கு அடுத்த குரலான ஆல்ட்டோ எடுக்கும், அப்புறம் நான் பாடுகிற டெனர், கடைசியில் எல்லாவற்றுக்கும் கீழே பேஸ். நாலு பேருக்கும் அதே மெட்டு, ஆனால் வேறு வேறு நேரம். யாரும் யாருக்கும் பின்பாட்டு இல்லை. தூணுக்குப் பின்னால் நின்று எல்லார் குரலையும் அமுக்கின நீ இதில் பிழைக்க மாட்டாய்!

நடுவில் ‘ஆவே வேரா விர்ஜினிதாஸ்’ என்று மூன்று தட்டுத் தாளத்துக்கு மாறும். அங்கேதான் டெனருக்குச் சோதனை. சொப்ரானோ பாடுவதையே ஐந்து சுரம் கீழே, ஒரே ஒரு தட்டு தள்ளி நாங்கள் பாட வேண்டும். காது அவர்களிடம் போனால் அவர்களோடேயே சேர்ந்துவிடுவேன். ரெண்டு மாசம் ரயிலில் தொடையில் தட்டித் தட்டிப் பழகினேன். கேட்கிறவர்களுக்கோ அந்தச் சிரமம் எதுவும் தெரியாது. நாலு குரலும் ஒன்றாக ஆடி அசைகிற மாதிரி அத்தனை எளிமையாக இருக்கும்.

நான் சொல்ல வந்தது முடிவைப் பற்றி. அதுவரைக்கும் மாதாவின் திருநாள்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நம்முடைய மீட்பு, நம்முடைய மகிமை என்று ‘நம்’மாகவே போகும். அப்புறம் ஒரு மௌனம். துரத்தல், பின்தொடரல் எல்லாம் நின்றுவிடும். நாலு குரலும் ஒரே நேரத்தில், நீளநீளமான சுரத்தில், ‘ஓ மாத்தெர் தேயி, மெமெந்தோ மேயி’ என்று பாடும். இறைவனின் தாயே, என்னை நினைத்துக்கொள்ளும். தனித்தனியாகப் போனபோது ‘நாங்கள்’ என்றவர்கள், ஒன்றாகச் சேர்ந்ததும் ‘என்னை’ என்கிறார்கள். பாட்டு முழுக்க ‘நான்’ வருவது அந்த ஒரு இடத்தில்தான். இதை எழுதிய மனிதன் என்ன நினைத்து அப்படி வைத்தானோ, ஒத்திகையில் ஒருநாளும் எனக்கு உறைக்கவில்லை.

இன்று அந்த ‘மேயி’யில் என் குரல் நின்றுவிட்டது. காரைக்கால் வீட்டுத் திண்ணையில் அம்மா ஜெபமாலை சொல்லி முடித்து, கடைசியில் நம் ரெண்டு பேர் பெயரையும் சேர்த்துச் சொல்வார்களே, அதுதான் காதில் கேட்டது. பக்கத்தில் நின்ற டெனர் என் பங்கையும் பாடி முடித்தார்.

டிசம்பரில் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. கல்லறைக்கு நீ முன்னாடியே போய்விடாதே, சேர்ந்து போவோம்.

உன்
மாப்ளே