கூம்பைக் கழற்றாதே, கண்ணு

அன்பு மகள் கயலுக்கு,

வியாழக்கிழமை உன் பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன் என்று சொன்னதிலிருந்து அம்மாவுக்கும் எனக்கும் அதே பேச்சுதான். போன மாசியில் நம் செம்பிக்குச் செய்தபோது நான் பண்ணின ஒரு தப்பை உன்னிடம் சொல்லவில்லை. பெங்களூரில் தனியாக இருக்கிற பிள்ளையை எதற்குக் கலங்கடிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்லியாக வேண்டும்.

குரும்பாபேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து ஆட்டோவில் கூடையோடு முத்தியால்பேட்டை வந்து சேர்ந்தோம். செம்பிக்கு மயக்கம் பாதிதான் தெளிந்திருந்தது. கண் திறந்தபடியே இருக்க, ஓரத்திலிருந்து வெள்ளையாக ஒரு சவ்வு வந்து பாதிக் கண்ணை மறைத்திருந்தது. அம்மா அழுதேவிட்டாள். நீ பயப்படாதே, அது பூனையின் மூன்றாவது இமை. மயக்கம் தெளியத் தெளிய உள்ளே போய்விடும். உடம்பும் சில்லென்று இருக்கும். ஃபேனை நிறுத்திவிட்டு, பழைய வேட்டியை நாலாக மடித்துத் தரையில் போட்டுப் படுக்க வை. கட்டில் வேண்டாம், தள்ளாடி விழுந்துவிடும். நேராக நடக்க ஆரம்பித்த பிறகு கொஞ்சமாகச் சாப்பாடு கொடு. முதல் ராத்திரி வாந்தி எடுத்தாலும் எடுக்கும்.

அப்புறம் நாலாம் நாள். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டின பிளாஸ்டிக் கூம்போடு செம்பி தட்டில் வாய் வைக்கப் பார்க்கிறது. கூம்பின் விளிம்பு தரையில் முட்டி, தட்டு நகர்ந்துகொண்டே போகிறது. சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அங்கேயே நின்று என்னைப் பார்த்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும்தானே என்று கழற்றிவிட்டு, அடுப்பில் பாலைப் பார்க்கப் போனேன். திரும்பி வருவதற்குள் இரண்டு தையல் பிரிந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. பூனை நாக்கு அரம் மாதிரி, பின்னோக்கி வளைந்த சின்னச் சின்ன முள் அதில். மறுபடி ஆட்டோ, மறுபடி மயக்க ஊசி. ஊசி போடும்போது முன்னங்காலால் என் விரலைப் பற்றிக்கொண்டது. அந்தப் பிடி இன்னும் என் விரலில் இருக்கிறது கண்ணு.

அதனால் டாக்டர் சொல்கிற 10, 14 நாளும் கூம்பு கழுத்திலேயே இருக்கட்டும். பாவம் பார்க்காதே. தட்டுக்குப் பதில் கூம்புக்குள் அடங்குகிற சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்த டம்ளர் மேல் வை. இல்லையா, எதிரில் உட்கார்ந்து கையால் ஊட்டு. உப்பு, வெங்காயம் எதுவும் போடாமல் வேகவைத்த சங்கரா மீனை முள் எடுத்து நான் ஊட்டினேன். வெங்காயம் பூனைக்கு விஷம், மறந்துவிடாதே.

பக்கத்து வீட்டு ஆயா மஞ்சள் அரைத்துப் பத்துப் போடச் சொன்னார். போடவில்லை. டாக்டர் சொல்லாத எதையும் புண்ணில் தடவாதே. வலிக்கிறதே என்று நம் மாத்திரை டப்பாவைத் திறக்கவே கூடாது. பாரசிட்டமால் பாதி மாத்திரைகூடப் பூனையின் உயிரை எடுத்துவிடலாம், அதன் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. மணல் தொட்டியை எடுத்துவிட்டு நியூஸ்பேப்பரைக் கிழித்துப் போடு. மணல் புண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

ஆறாம் நாள் நன்றாகத் தேறின மாதிரி பீரோ மேல் தாவப் பார்க்கும். உள்தையல் அப்போது ஆறியிருக்காது. ஒரு சின்ன அறையில் கதவைச் சாத்தி வை. காலையும் மாலையும் புண்ணைப் போனில் படம் எடுத்து, நேற்றைய படத்தோடு ஒத்துப் பார். லேசான சிவப்பு பரவாயில்லை. சீழ், நாற்றம், ஈரம், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடப்பது, இதில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் போ.

‘ஒரு தடவையாவது குட்டி போட விட்டிருக்கலாமே’ என்றும் ஆயா சொன்னார். உனக்கும் யாராவது சொல்வார்கள். செம்பியின் தாய் நம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரே வருஷத்தில் மூன்று ஈற்று ஈன்றது. மூன்றாவது ஈற்றுக்கு அதன் விலா எலும்பை எண்ணலாம். அத்தனை குட்டியில் பிழைத்தது செம்பியும் கருப்பனும்தான். மற்றதையெல்லாம் முருங்கை மரத்தடியில் நான்தான் புதைத்தேன்.

இரண்டாம் தடவை தைத்த பிறகு, உன் பழைய டீ-ஷர்ட்டை வெட்டி அம்மா செம்பிக்கு ஒரு சட்டை தைத்தாள். கூம்போடு அதையும் சேர்த்துப் போட்டோம். துவைத்து இந்தப் பார்சலில் வைத்திருக்கிறாள். வால் பக்கம் நனையாமல் இருக்க நன்றாக ஏற்றி வெட்டியிருக்கிறது. உன் பூனை குண்டு என்றாயாம், நாடாவை மட்டும் நீளமாக மாற்றித் தைத்திருக்கிறாள்.

அப்பா