கானாடுகாத்தான் அம்மானுக்கு

அம்மான்,

லெட் செப்பலின் பாட்டுக்கு வார்த்தை எங்கிருந்து வந்தது என்று நான் எழுதி வெளியிட்ட அந்தக் கட்டுரையை நேற்று ராத்திரி நீக்கிவிட்டேன். எது என்று உங்களுக்குத் தெரியும்.

பத்தாம் வகுப்பு லீவில் உங்கள் வீட்டுப் பட்டாலையில், ஆத்தங்குடிக் கல்லில் வெறும் முதுகோடு படுத்துக் கிடந்தேனே, அந்த மத்தியானம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. பினாங்கு ரெக்கார்டுகளில் முதலில் வில்லி டிக்சன் எழுதி, அமெரிக்க ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸ் 1962-இல் பாடிய 'யூ நீட் லவ்', அது முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் இங்கிலாந்து ராக் பேண்ட் லெட் செப்பலினின் 'ஹோல் லாட்டா லவ்'. "கிடாரை விடு, அது அவர்கள் கிடாரிஸ்ட் பேஜுடையதுதான். வார்த்தையைக் கேளு" என்றீர்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. என் பேண்டையா திருடன் என்கிறீர்கள் என்று கத்தினேன். நீங்கள் பதில் சொல்லாமல் ரெக்கார்டின் நடு வட்டத்தில் கட்டைவிரலை வைத்துக் காட்டினீர்கள்: 1969 ஜனவரியில் வந்த செப்பலினின் முதல் ஆல்பத்தில் இரண்டு பாட்டுக்கு வில்லி டிக்சன் பேர் இருந்தது. அதே வருஷம் அக்டோபரில் வந்த இரண்டாவதில், இந்தப் பாட்டுக்கு நேரே அவர்கள் நாலு பேருடைய பெயர் மட்டும். தெரியாமல் விட்டதில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. 1985-இல் டிக்சன் வழக்குப் போட்டு 1987-இல் சமாதானமாக முடித்த கதையும் நீங்கள் சொன்னதுதான்.

அத்தனையையும் நானே தோண்டி எடுத்த மாதிரி எழுதினேன். உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. செட்டிநாட்டு வீட்டில் அம்மான் சொல்லிக் கொடுத்தார் என்றால் சென்னையில் மதிக்க மாட்டார்கள் என்று பயந்தேன். தப்பு, அம்மான். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! நான் வீடு குடிபுகுந்தபோது வந்தீர்கள், முறையைச் செய்தீர்கள், ஒரு வாய் காபி குடிக்காமல் கிளம்பினீர்கள். திட்டியிருந்தால் அன்றைக்கே திருத்தியிருப்பேன். அவ்வளவு பிடிவாதம் எதற்கு? ஆத்தாவுக்கும் உங்களுக்கும் நடந்தது வேறு விஷயம், இதைப் பங்காளிகளும் படிப்பார்கள், அதனால் அதை இங்கே தொடவில்லை.

செப்பலினை இன்றைக்கும் அதே வெறியோடுதான் கேட்கிறேன், பாடகர் பிளாண்ட் அந்த வரிக்கு வரும்போது மட்டும் உங்கள் கட்டைவிரல் கண்ணுக்குள் வந்துவிடுகிறது.

கட்டுரையைத் திரும்ப எழுதி வைத்திருக்கிறேன். கேட்காமல் உங்கள் பெயரைப் போட மனசு வரவில்லை, இங்கேயும் போடவில்லை. பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருகிறேன். அந்த இரண்டு ரெக்கார்டையும் எடுத்து வையுங்கள், அம்மான்.