கத்தோலிக்கப் பள்ளிச் சமயக் கல்வி ஆசிரியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆன்ம ஆலோசகர் தந்தை அவர்களே, அன்பான உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

யாருக்குப் பாடவேளை குறைவோ அவர் தலையில் சமயக் கல்வி வகுப்பைக் கட்டிவிடுகிறார்கள் என்று சென்ற பொதுக்குழுவில் பலர் வருத்தப்பட்டீர்கள். அதனால்தான் இந்த ஆண்டின் முதல் பயிற்சியில் 1983-ஆம் ஆண்டு திருச்சபைச் சட்டத்தின் 804-ஆம் எண்ணைச் சேர்ந்து வாசித்தோம். சமயம் கற்பிப்பவர் சரியான போதனை, கிறிஸ்தவ வாழ்வின் சாட்சியம், கற்பிக்கும் திறன் ஆகிய மூன்றிலும் சிறந்தவராக இருக்கும்படி ஆயர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து வகுப்புக்கு அனுப்பினால் இந்த மூன்றும் வந்துவிடாது.

அடுத்த பயிற்சியில், வத்திக்கானின் கத்தோலிக்கக் கல்விக்கான பேராயம் 1988-இல் வெளியிட்ட ஆவணத்தை எடுத்துக்கொண்டோம். பள்ளியின் சமயக் கல்வியும், பங்குக் கோவிலில் பிள்ளைகளை நம்பிக்கையில் வளர்க்கும் மறைக்கல்வியும் நெருங்கியவை, ஆனால் ஒன்றல்ல. பள்ளி வகுப்பின் நேரடி நோக்கம் அறிவு. பிற சமயப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் எப்படிப் பேசுவது என்று தயங்கியவர்களுக்கு இது பெரிய தெளிவைத் தந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது மாதிரி வகுப்புகள்தான். ஓர் இளம் ஆசிரியை காணாமற்போன மகன் உவமையை ஐந்தே நிமிடத்தில் சொல்லி முடித்து, "ஆகவே பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும்" என்றார். யாரும் குறை சொல்லவில்லை. லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தை மெதுவாக மறுபடி வாசித்தோம். அப்புறம் அவரே மீண்டும் பாடம் நடத்தினார். இம்முறை, திரும்பி வந்த தம்பிக்கு விருந்து நடக்க, வீட்டுக்குள் போக மறுத்து வெளியே நிற்கும் மூத்த மகனிடம் கதையை நிறுத்தி, "அவன் உள்ளே போனானா?" என்று கேட்டார். நற்செய்தியில் அதற்குப் பதில் இல்லை. மாணவர்களாக உட்கார்ந்திருந்த நாங்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பிள்ளைகள் எழுதிக் கொடுத்த கேள்விகளையும் ஒரு நாள் பிரித்துப் பார்த்தோம். "ஜெபம் பண்ணியும் பாட்டி ஏன் இறந்தார்கள்?" என்று ஒரு சீட்டு. உடனே பதில் சொல்லக் கை தூக்கியவர்கள்கூட இறக்கிவிட்டார்கள். முதலில் பாட்டியைப் பற்றிப் பிள்ளையைப் பேசவிட வேண்டும், இறந்துபோன நண்பர் இலாசருக்காக இயேசு அழுததை அதன்பின் வாசிக்கலாம் என்று முடிவானது. இப்படிப்பட்ட கேள்விகளுக்கு ஒரு நாள் பயிற்சி போதவே போதாது.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். தேர்வு நெருங்கியதும் பல இடங்களில் சமயக் கல்வி வேளை கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டது. கடைசிப் பயிற்சிக்கும் வருகை குறைந்தது. தலைமையாசிரியர்களை நேரில் சந்தித்துப் பேசச் செயற்குழு தீர்மானித்துள்ளது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

வரும் ஆண்டில் 2020-இல் வந்த மறைக்கல்வி வழிகாட்டி நூலைப் பகுதி பகுதியாகப் படிக்கப் போகிறோம். புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஒவ்வொருவருடனும் அனுபவமுள்ள ஒருவர் ஓராண்டு துணையிருக்க வேண்டும். சரி என்று முன்வருபவர்கள் கூட்டம் கலையும் முன் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்