சேதுவின் ஓட்ஸ் களி

லாங்காஸ்டர், பென்சில்வேனியா
ஞாயிறு காலை

டேய் சேது,

மூன்று வாரமாகப் பதில் இல்லை என்று திட்டியிருந்தாய். நியாயம்தான். ஆனால் ‘பேக்டு ஓட்மீல்’ செய்தேன், ஏன் இப்படி ஆனது என்று கேட்டு நீ அனுப்பிய அந்தப் படத்தைப் பார்த்த பிறகு யாருக்கடா உடனே கை ஓடும்? ஓட்ஸைப் பால், முட்டை, பழத்தோடு ஓவனில் சுட்டெடுக்கும் பண்டம் அது, நீ செய்திருந்தது களி. அம்மா நன்றாக இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். நம் கூட்டாளி பாலு மறுபடியும் மாடி வீடே பார்த்திருக்கிறானாம். அவன் முழங்காலைப் பற்றி நாம் பேசுவதில்லை என்று ஒப்பந்தம் இருப்பதால் மேலே போகிறேன்.

படத்தை இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் குளம். ஓரத்தில் கருகல். பச்சை பூத்த புளூபெர்ரி. பின்னால் மேடையில் ஓட்ஸ் பாக்கெட், பக்கத்தில் ஆப்ப சோடா டப்பா. போலீஸே வேண்டாம், எல்லாச் சாட்சியும் ஒரே படத்தில் இருக்கிறது.

முதல் குற்றவாளி பாக்கெட். நம் ஊர்க் கடைகளில் வெறுமனே ‘ஓட்ஸ்’ என்று விற்பதில் பெரும்பாலானது மூன்று நிமிடத்தில் வேகும் வகை. தானியத்தை வெட்டி, மெல்லிசாக நசுக்கியது. பாலைக் கண்டதும் கரைந்து கஞ்சியாகிவிடும். இந்தப் பண்டத்துக்கு வேண்டியது ‘ரோல்ட் ஓட்ஸ்’ என்று பெயர் போட்டு வருவது. முழுத் தானியத்தை ஆவியில் வேகவைத்து உருளையில் நசுக்கியிருப்பார்கள், ஒவ்வொரு இதழும் சின்ன விரல் நகம் அளவு இருக்கும். ஓவன் அடுப்பிலிருந்து வந்த பிறகும் பல்லுக்குக் கொஞ்சம் தட்டுப்படும். வீட்டில் இருப்பது மெல்லிசு வகைதான் என்றால் பாலை 360 மில்லியாகக் குறை, 30 நிமிடத்தில் எடுத்துவிடு. ‘ஸ்டீல் கட்’ என்று குருணை மாதிரி ஒன்று விலை உயர்த்தி விற்பார்கள். அதை இதே அளவில் போட்டால் கூழாங்கல் சாப்பிடுவது போல இருக்கும். மசாலா ஓட்ஸைப் பற்றி நீ கேட்டதை நான் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்.

அளவை எழுதிக்கொள். கப் கணக்கு வேண்டாம், தராசு வை. 20 சென்டிமீட்டர் சதுரப் பாத்திரம், 5 சென்டிமீட்டர் ஆழம், ஆறு துண்டு வரும். ரோல்ட் ஓட்ஸ் 200 கிராம், நாட்டுச் சர்க்கரை 60 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், பட்டைத்தூள் ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். இன்னொரு கிண்ணத்தில் பால் 420 மில்லி, முட்டை ஒன்று, உருக்கிய வெண்ணெய் 40 கிராம். பழம் 300 கிராம். பால் ஆவின் பச்சை பாக்கெட் சரியாக இருக்கும். நீலத்தில் கொழுப்பு குறைவு, சப்பென்று போகும். உப்பை மட்டும் விட்டுவிடாதே. அது இல்லாத ஓட்ஸில் அட்டைப்பெட்டி வாசனை வரும்.

இது உப்புமா இல்லை என்பதைத்தான் உனக்குப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. பாலும் முட்டையும் சேர்ந்து சூட்டில் கட்டிப்படுகிறது, ஓட்ஸ் அந்தக் கட்டியைத் தாங்குகிறது. முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பத்துக்குள் தானியம் போட்ட மாதிரி என்று நினைத்துக்கொள். அதனால் கிளறி வேகவைக்கும் புத்தியை வாசலிலேயே கழற்றிவிட்டு வா. கலந்து ஊற்றி, பத்து நிமிடம் சும்மா விட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் இதழ்கள் பாலைக் குடிக்கும். விடாமல் உடனே அடுப்பில் வைத்தால் ஓட்ஸ் அடியில் தங்கி, பால் தனியாக மேலே நிற்கும். உன் குளத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதிக்குப் பழம் காரணம். உறைந்த புளூபெர்ரியைக் கரையவிட்டுப் போட்டிருக்கிறாய், தண்ணீர் அத்தனையும் உள்ளே போய்விட்டது. பெட்டியிலிருந்து எடுத்தபடியே, உறைந்தபடியே போட்டு, எட்டுப் பத்து நிமிடம் கூடுதலாக வைக்க வேண்டும். பழம் பச்சையானது ஆப்ப சோடாவால். அந்தப் பழத்தின் சாயம் புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலமும் பச்சையுமாக மாறும். சோடா காரம். அதை எதிர்க்கப் புளிப்பு எதுவும் இல்லாததால்தான் நாக்கில் சோப்பு ருசி. பேக்கிங் பவுடரில் சோடாவுக்கு ஜோடியாக அமிலமும் உள்ளேயே இருக்கும். சோடாதான் இருக்கிறது என்றால் கால் டீஸ்பூன் போதும், பாலில் 120 மில்லியைக் குறைத்து அந்த இடத்தில் தயிர் ஊற்று.

அதுசரி, திருச்சியில் உட்கார்ந்துகொண்டு அந்த விலைக்குப் புளூபெர்ரி எதற்கடா? இங்கே அது கோடையில் குவியும், அதனால் போடுகிறார்கள். லாங்காஸ்டர் பக்கம் இதற்கு ‘ஆமிஷ் ஓட்மீல்’ என்றே இன்னொரு பெயர் உண்டு. ஆமிஷ் என்பது இங்கே பழைய முறையிலேயே வாழும் ஒரு கிறிஸ்தவச் சமூகம். கோடையில் பீச், இலையுதிர் காலத்தில் ஆப்பிள், அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதுதான் உள்ளே போகும். உனக்கு மோரிஸ் வாழைப்பழம் இருக்கிறது. தோல் புள்ளி விழுந்த இரண்டை மசித்துப் பாலில் கலந்தால் சர்க்கரையை 30 கிராமாகக் குறைக்கலாம். மேலே அடுக்க நேந்திரம் வில்லை, அது உருக்குலையாது. ஆப்பிள் என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரிய துண்டு வேண்டாம், பெரிது உள்ளே பச்சையாகவே நிற்கும். மாம்பழம் கெட்டியான சதையாகப் பார்த்து 200 கிராமோடு நிறுத்து. அன்னாசியைப் பச்சையாகப் பாலில் போட்டு ஊறவிட்டால் கசக்கும். அதிலுள்ள நொதி பாலின் புரதத்தை உடைப்பதால் வரும் கசப்பு. வாணலியில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் அந்த நொதி செத்துவிடும். பப்பாளிக்கும் அதே குணம், அதை அப்படியே சாப்பிடு.

வெண்ணெய் திட்டுத்திட்டாக மிதந்தது என்றாயே, பால் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்திருக்கும். அறைச் சூட்டுக்கு வரவிட்டு ஊற்று. வெல்லம் போடலாமா என்று கேட்டிருந்தாய். பாகாக்கி, வடிகட்டி, நன்றாக ஆறவைத்து, ஆறிய பாலில் ஊற்று. சூட்டோடு சேர்த்தால் பால் திரிந்துவிடும், இது உன் அம்மாவுக்குத் தெரியாததா?

அடுப்பு: 190 டிகிரி செல்சியஸ், மேலும் கீழும் இரண்டு கம்பியும் எரிய வேண்டும், நடுத்தட்டு, 15 நிமிடம் முன்கூட்டியே சூடு. சின்ன அடுப்பில் மேல் கம்பி தலைக்கு மேலேயே இருப்பதால் உள்ளே வேகுமுன் மேலே கருகும். 20 நிமிடம் ஆனதும் அலுமினியத் தாளால் லேசாக மூடு. மொத்தம் 40 நிமிடம். ஓரம் பாத்திரத்தை விட்டு விலகி, பாத்திரத்தை ஆட்டினால் நடு அசையாமல் இருந்தால் முடிந்தது. கத்தியைச் செருகி எடுத்தால் பால் ஒட்டக் கூடாது. குமிழில் எழுதியிருக்கும் டிகிரியை நம்பாதே, அடுப்புக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கு.

விளையாட்டை விட்டுவிட்டு ஒன்று சொல்கிறேன். கண்ணாடிப் பாத்திரத்தில் இரவே கலந்து ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் அப்படியே சூடான அடுப்புக்குள் தள்ளப் போவதாக எழுதியிருக்கிறாய். செய்யாதே. சூட்டு வித்தியாசத்தில் கண்ணாடி வெடிக்கும். அடியில் என்ன பெயர் பொறித்திருந்தாலும் சரி. வெளியே எடுத்து ஈரக் கிரானைட் மேடையில் வைத்தாலும் அதே கதைதான், மரப்பலகை போட்டு வை. குழந்தைகள் பக்கத்தில் நிற்கும் நேரம் அது. அலுமினியப் பாத்திரமே உனக்கு நல்லது. இரவு வேலை வேண்டுமென்றால் உலர்ந்தது எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கலந்து மூடி வெளியே வை. பாலும் முட்டையும் அடித்து ஃபிரிட்ஜில் வை. காலையில் அரை மணி நேரம் வெளியே எடுத்து வைத்து, வெண்ணெயைக் கடைசியில் ஊற்றிக் கலக்கு.

அம்மாவுக்கு முட்டை இல்லாமல்: ஆளி விதைப் பொடி ஒரு டேபிள்ஸ்பூன், தண்ணீர் மூன்று டேபிள்ஸ்பூன், பத்து நிமிடம் விட்டால் பசையாகும். அது ஒரு முட்டைக்கு ஈடு. பிடிப்பு கொஞ்சம் குறையும், வெட்டுமுன் இன்னும் அதிக நேரம் ஆறவிட வேண்டும்.

மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ‘ஓட்ஸ்தானே’ என்று இரண்டு துண்டு கொடுத்தேன் என்ற வரியைத்தான் இன்னொரு முறை படித்தேன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-இல் ஓட்ஸ் பாக்கெட்டில் இதயத்தைப் பற்றி எழுத அனுமதித்தது உண்மை. அது ரத்தக் கொழுப்பைக் குறைப்பது பற்றியது, அதற்கும் தினம் 3 கிராம் பீட்டா குளுக்கான் (ஓட்ஸிலுள்ள கரையும் நார்ச்சத்து) வேண்டும், அதாவது சுமார் 75 கிராம் உலர்ந்த ஓட்ஸ். இந்தத் துண்டு ஒன்றில் ஓட்ஸ் 33 கிராம்தான். ஆனால் ஓட்ஸும் சர்க்கரையும் பழமும் பாலுமாகக் கூட்டினால் ஒரு துண்டுக்கு மாவுச்சத்து 40 கிராமுக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. அவருக்கு ஒரு துண்டு போதும். சர்க்கரையை 25 கிராமாக்கு, இன்னொரு முட்டையும் கைப்பிடி வாதுமையும் சேர், வாழைப்பழத்துக்குப் பதில் ஆப்பிள். பிறகு மீட்டரில் பார்த்து அவர் டாக்டரிடம் சொல்லட்டும். நீ வைத்தியம் பார்க்காதே.

எடுத்ததும் வெட்டாதே. கேரமில் சிவப்புக் காயைக் கண்டால் பொறுக்காத கை உன்னுடையது, தெரியும். பதினைந்து நிமிடம். ஆறினால்தான் மாவு இறுகி வில்லை நிற்கும். மிச்சத்தை ஃபிரிட்ஜில் நாலு நாள் வைக்கலாம், மைக்ரோவேவில் ஒரு நிமிடம் சூடு செய்தால் போதும். எல்லோரும் கூடும் நாளில் இரட்டை அளவுக்கு 23-க்கு 33 சென்டிமீட்டர் பாத்திரம், நேரம் 50 நிமிடம் வரை. உன் அடுப்புக்குள் அது நுழையுமா என்று முதலில் அளந்து பார், மாவு கலந்த பிறகு அளக்காதே.

அடுத்த ஞாயிறு செய்துவிட்டு வெட்டிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. மேல்பக்கம் வேண்டாம். மேல்பக்கத்தில் நீ வாழைப்பழம் அடுக்கி ஏமாற்றிவிடுவாய்.

அம்மாவுக்கு நமஸ்காரம்.

உன்,
கணேசன்

பி.கு. இங்கே துண்டைக் கிண்ணத்தில் போட்டு மேலே குளிர்ந்த பால் ஊற்றிச் சாப்பிடுவார்கள். போன தடவை வந்த களிக்கு அது பொருந்தாது, அதில் ஏற்கெனவே ஊற்றியாகிவிட்டது.